போயிங் பிறந்த ஊரில்: ஒரு டூல் ரூம்காரரின் பயணக் குறிப்புகள்

சனி: லேக் யூனியன் கரை

மகள் சியாட்டிலை ஒட்டிய பெல்வியூவில் இருக்கிறாள். வந்து சேர்ந்ததும், "எங்கெல்லாம் போகணும்னு லிஸ்ட் வச்சிருக்கீங்களாப்பா?" என்று கேட்டாள். வைத்திருந்தேன். அதில் இருந்த எல்லா இடமும் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவை.

கோயம்புத்தூர் பம்ப் ஆலைகளின் டூல் ரூமில் ஜிக்கும் டையும் செய்து வாழ்நாளைக் கழித்தவன் நான். எந்த ஆலைக்குப் போனாலும் முதலில் ஒன்றைத்தான் பார்ப்பேன்: டிராயிங் போடுகிறவர் உட்காரும் இடத்துக்கும் லேத் ஓடும் இடத்துக்கும் எவ்வளவு தூரம்? அந்தத் தூரம் கூடக் கூட வேலை கெடும் என்பது என் அனுபவம். நூறு வருடத்தைத் தாண்டிய போயிங்கின் கதையையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வந்திருக்கிறேன்.

கதை தொடங்குவது ஓர் ஏரிக்கரையில். சியாட்டில் நகரத்துக்கு நடுவிலேயே கிடக்கிறது லேக் யூனியன். கரையெல்லாம் மிதக்கும் வீடுகள். தலைக்கு மேலே மிதவை விமானங்கள் இன்றைக்கும் வந்து இறங்கிக்கொண்டே இருக்கின்றன. கீழே சக்கரத்துக்குப் பதில் இரண்டு நீள மிதவை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அது எழும் சத்தம் எதிர்க்கரைவரை கேட்கும்.

வில்லியம் போயிங் 1881-இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். அப்பா ஜெர்மனியிலிருந்து வந்து மரத்திலும் சுரங்க நிலத்திலும் பணம் சேர்த்தவர். மகன் யேல் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காமலேயே 1903-இல், சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்துக் காடுகளுக்கு மர வியாபாரம் செய்ய வந்துவிட்டார். பறக்கும் ஆசை வந்த பிறகு லாஸ் ஏஞ்சலஸ் போய், விமானம் செய்பவரான கிளென் மார்ட்டினின் பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, மார்ட்டினிடமே ஒரு மிதவை விமானமும் வாங்கினார். அது அடிபட்டுப் போனபோது, உதிரிபாகம் வர மாதக்கணக்கில் ஆகும் என்று பதில் வந்தது. நண்பரும் கடற்படை அதிகாரியுமான கான்ராட் வெஸ்டர்வெல்ட்டும் அவரும் பேசி, தாங்களே ஒன்றைச் செய்வதென்று முடிவெடுத்தார்கள்.

ஏரியின் கிழக்குப் பக்கம் ரோனோக் தெரு தண்ணீரில் போய் முடியும் இடத்தில்தான் அவர்களுடைய ஷெட் இருந்தது. 1916 ஜூன் 15 அன்று அங்கிருந்து பி அண்ட் டபிள்யூ என்ற முதல் விமானம் எழும்பியது. ஓட்ட வேண்டிய ஹெர்ப் மண்டர் வரத் தாமதமானதால் போயிங் தானே ஏறி ஓட்டிவிட்டார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. பாவம், வெஸ்டர்வெல்ட்டுக்கு அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அதற்குள் கடற்படை அவரைக் கிழக்குக் கரைக்கு மாற்றிவிட்டது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 15 அன்று, பசிபிக் ஏரோ புராடக்ட்ஸ் என்ற பெயரில் கம்பெனி பதிவானது. மறு வருடமே பெயர் போயிங் ஏர்ப்ளேன் கம்பெனி என்று மாறியது. அமெரிக்கக் கடற்படை பி அண்ட் டபிள்யூவை வாங்கவில்லை. செய்த இரண்டும் நியூசிலாந்தில் ஒரு விமானப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன.

1919 மார்ச் 3 அன்று போயிங்கும் விமானி எடி ஹப்பர்ட்டும் கனடாவின் வான்கூவரிலிருந்து 60 கடிதங்கள் இருந்த ஒரு பையோடு வந்து இறங்கியதும் இந்த ஏரியில்தான். அமெரிக்காவுக்குள் வந்த முதல் சர்வதேச வான்தபால் அது.

ரோனோக் தெரு முனையில் அரைமணி நேரம் நின்றேன். குளிர் காதைப் பிடித்தது. நாளைக்கு மியூசியம்.

ஞாயிறு: சிவப்புக் கொட்டகை

மியூசியம் ஆஃப் பிளைட், சியாட்டிலுக்குத் தெற்கே, போயிங் ஃபீல்டு விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. உள்ளே கான்கார்டு இருக்கிறது, ஜனாதிபதிகள் பறந்த 707 இருக்கிறது. பேரக்குழந்தைகளை அழைத்து வந்தவர்கள் அங்கே கூட்டமாக நின்றார்கள். நான் நேராக ரெட் பார்ன் போனேன். பகல் முழுக்க அங்கேயே ஓடிவிட்டது.

ரெட் பார்ன் என்பது இரண்டு மாடி மரக் கட்டடம், சிவப்பு வண்ணம். 1909 வாக்கில் துவாமிஷ் ஆற்றங்கரையில் படகு கட்டும் பட்டறையாக இருந்தது. போயிங் தன் உல்லாசப் படகு ஒன்றைக் கட்டுவதற்காக அதை 1910-இல் வாங்கினார். பிறகு அதுவே விமான ஆலையாக மாறியது. கைவிடப்பட்டுக் கிடந்த கட்டடத்தை 1975-இல் அப்படியே தூக்கி, தெப்பத்தில் ஏற்றி, ஆற்றிலேயே மேலே கொண்டுவந்து இப்போதைய இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே பட்டறையை அன்றிருந்த மாதிரியே அமைத்திருக்கிறார்கள். மர வேலை மேசை, இழைப்புளி, கிளாம்ப், பேண்ட் சா. ஒரு இறக்கையின் எலும்புக்கூடு துணி போர்த்தாமல் நிற்கிறது. அதன் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன். ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த விலாச் சட்டங்கள். ஒவ்வொன்றும் விரல் கனம்தான். முடிச்சில்லாத, நேர் இழை ஓடும் மரமாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். கனம் குறைக்க நடுவில் வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் மெல்லிய பட்டி ஒட்டியிருக்கிறார்கள். இதன் மேல் லினன் துணியைப் பெண்கள் கையால் தைத்துப் போர்த்துவார்கள். அப்புறம் டோப் என்ற பூச்சைப் பூசினால், காயக் காயத் துணி சுருங்கி முரசுத் தோல் போல இறுகும். மரம், துணி, கம்பி. இறக்கை முழுக்க இந்த மூன்றும்தான். வாஷிங்டன் காடுகளின் ஸ்ப்ரூஸ் மரம் முதல் உலகப் போரில் நாடு முழுவதும் தேடப்பட்ட சரக்கு. மர வியாபாரி விமான வியாபாரியானது தற்செயல் இல்லை.

இந்தப் பட்டறையிலிருந்து வந்த பெயர்களில் எனக்கு முக்கியமானவர் வாங் ட்சூ. பெய்ஜிங்கில் பிறந்து, அமெரிக்காவின் எம்ஐடி கல்லூரியில் 1916-இல் விமானப் பொறியியல் முடித்தவர். போயிங் வேலைக்கு எடுத்த முதல் விமானப் பொறியாளர் அவர். அவர் வடிவமைத்த மாடல் சி பயிற்சி விமானத்தில் 50-க்கு அமெரிக்கக் கடற்படை ஆர்டர் கொடுத்தது. கம்பெனிக்கு வயிறு நிறைந்தது அப்போதுதான். அவரோ அங்கே ஒரு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை. சீனாவுக்குத் திரும்பி அங்கே விமானம் கட்டும் பணியில் இறங்கிவிட்டார்.

இதோடு இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். போயிங் பிற்காலத்தில் நகரின் வடக்கே நிலங்களைப் பிரித்து விற்றபோது, வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பத்திரம் எழுதப்பட்டது. தன் கம்பெனியைக் காலூன்ற வைத்த விமானத்தை வரைந்த மனிதர் அந்தத் தெருக்களில் வீடு வாங்கியிருக்க முடியாது. இதை நினைத்தபடியேதான் அவருக்காக வைத்திருக்கும் காட்சிப் பலகையைப் படித்தேன்.

1917-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு, விமான மாதிரிகளைக் காற்றோட்டத்தில் வைத்துச் சோதிக்கும் ஒரு காற்றுச் சுரங்கம் கட்டிக்கொடுத்தார் போயிங். பதிலுக்கு அவர்கள் விமானப் பொறியியல் வகுப்பு தொடங்க வேண்டும். அந்தக் கல்லூரியிலிருந்து எடுத்த பையன்களில் இருவர், பிலிப் ஜான்சனும் கிளேர்மான்ட் எக்ட்வெட்டும். டிராயிங் போர்டில் உட்கார்ந்த எக்ட்வெட் பின்னாளில் கம்பெனித் தலைவரானார், ஜான்சனும் அப்படியே. போர் முடிந்து ஆர்டர் நின்றபோது இதே கொட்டகையில் கட்டில், அலமாரி செய்திருக்கிறார்கள், தட்டைப் படகு செய்திருக்கிறார்கள். சம்பளத்துக்குத் தன் கைக்காசைப் போட்டுத் தொழிலாளிகளைத் தக்கவைத்தார் போயிங். கைத்திறன் உள்ளவர்களை ஒருமுறை வெளியே விட்டால் திரும்பச் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று பட்டறை நடத்தியவருக்குத் தெரியும்.

மாலையில் மற்றக் கூடங்களை வேகமாகச் சுற்றினேன். 1933-இல் வந்த 247 விமானத்தின் முன் மட்டும் நின்றேன். முழுக்க உலோகம், இரண்டு எஞ்சின், உள்ளே மடங்கும் சக்கரம், 10 பயணிகள். அந்தக் காலத்துக்கு அதுதான் புது யுகம். ஆனால் முதல் 60 விமானங்களையும் தன் கூட்டாளி நிறுவனமான யுனைடெட் விமான சேவைக்கே ஒதுக்கியது போயிங். காத்திருக்க முடியாத டிடபிள்யூஏ என்ற இன்னொரு விமான சேவை, டக்ளஸ் கம்பெனியின் கதவைத் தட்டியது. அதில் பிறந்ததுதான் டிசி வரிசை. டிசி-3 உலகையே பிடித்துக்கொண்டது. 247-இல் செய்தது மொத்தம் 75 மட்டும். வாசலில் வந்து நின்ற வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

1934-இல் புதிய வான்தபால் சட்டம் வந்து, விமானம் செய்பவரே விமான சேவையும் நடத்தக் கூடாது என்றாகிவிட்டது. கம்பெனி மூன்றாக உடைந்தது. போயிங் தன் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு 52 வயது.

திங்கள்: ஈஸ்ட் மார்ஜினல் வே

இன்று பார்க்கப் போனது இல்லாத கட்டடத்தை. ஈஸ்ட் மார்ஜினல் வே சாலையோரம், துவாமிஷ் ஆற்றுக்கரையில், பிளான்ட் 2 இருந்தது. 2010-இல் இடிக்கத் தொடங்கி முழுவதும் எடுத்துவிட்டார்கள்.

1930-களில் பெரிய ஆலைக்கு இடமில்லாமல் கம்பெனி ஊரைவிட்டே போய்விடும் நிலை. அப்போது ஜுசெப்பே டெசிமோனே என்ற இத்தாலியக் காய்கறி விவசாயி தன் நிலத்தை ஒரு டாலருக்குக் கொடுத்தார். பைக் பிளேஸ் சந்தையின் உரிமையாளரும் அவர்தான். 1936-இல் ஆலை எழுந்தது. நகரத்தில் அந்தச் சந்தைக்குப் போகிற பயணிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆலை வந்த கதைக்குள் ஒரு விபத்தும் இருக்கிறது. மாடல் 299, நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம், 1935 ஜூலையில் முதலில் பறந்தது. அக்டோபர் 30 அன்று ஒஹாயோவில் ராணுவத்தின் முன் சோதனை ஓட்டம். ஏறியதும் மூக்கு தூக்கி, நடுவானில் வேகமிழந்து, விழுந்தது. ராணுவ விமானி பிளாயர் ஹில்லும், போயிங்கின் சோதனை விமானி லெஸ்லி டவரும் இறந்தார்கள். இயந்திரக் கோளாறு ஒன்றுமில்லை. தரையில் நிற்கும்போது காற்றுக்கு ஆடாமலிருக்க வால் பகுதிக்குப் போடும் பூட்டை எடுக்காமலேயே புறப்பட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு விமானிகள் ஒவ்வொரு கட்டத்திலும் எழுதிவைத்த பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். இன்று நாம் ஏறும் ஒவ்வொரு விமானத்திலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. மருத்துவமனை ஆபரேஷன் அறைவரை அது போய்விட்டது. ராணுவம் அந்த விமானத்தைக் கைவிடாமல் 13 வாங்கியது. அதுதான் பி-17.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் பிளான்ட் 2 இரவு பகல் ஓடியது. பி-17 மொத்தம் 12,731. அதில் 6,981 இந்த ஒரே ஆலையில். உச்சத்தில் ஒரு நாளைக்கு 16 வரை வெளியே வந்திருக்கிறது. ஜப்பானிய விமானங்கள் வந்தால் மேலிருந்து ஆலை தெரியக் கூடாது என்று, ஜான் டெட்லி என்ற சினிமா செட் கலைஞரைக் கொண்டு, கூரையின் மேலே சுமார் 26 ஏக்கருக்கு ஒரு பொய் ஊரைக் கட்டினார்கள். வீடு, தெரு, கம்பி வலையில் செய்த மரம். அந்தக் கூரைக்குக் கீழே வேலை செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள்.

ரிவெட் அடிக்கும் வேலையைச் சொல்ல வேண்டும். அது ஜோடி வேலை. வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் ரிவெட்டின் தலையை அடிப்பார். உள்ளே, குறுகலான இடத்துக்குள் உடம்பை நுழைத்து, கனத்த இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலுக்கு முட்டுக் கொடுத்து ஒருவர் பிடிப்பார். இருவருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. முட்டு கொஞ்சம் சாய்ந்தால் வால் கோணி, ரிவெட் வீண். அதைத் துளையிட்டு எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். நேற்று மியூசியத்தில் நிற்கும் பி-17-இன் வயிற்றுப் பக்கம் விரலளவு இடைவெளியில் ஓடும் ரிவெட் வரிசைகளைப் பார்த்தேன். கோடு போட்ட மாதிரி நேர். பெரும்பாலும் அதுவரை தொழிற்சாலை வாசலையே மிதிக்காத பெண்கள் அடித்தவை.

ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியதற்குப் பிறகு செய்த 5,000-ஆவது பி-17-க்கு "ஃபைவ் கிராண்ட்" என்று பெயர் வைத்து, தொழிலாளிகள் உடம்பு முழுக்கத் தங்கள் கையெழுத்தைப் போட்டு அனுப்பினார்கள். அந்தக் கையெழுத்துகளோடேயே அது ஐரோப்பாவில் சண்டையிட்டது. போர் முடிந்ததும் பழைய இரும்புக்குப் போட்டு உடைத்துவிட்டார்கள். மியூசியத்தில் வைத்திருக்கலாம். இதைப் படித்தபோது மனசு ஆறவில்லை.

பெருமையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவையும் உண்டு. தொழிற்சங்கம் கருப்பினத்தவரைச் சேர்க்காததால், 1942 வரை ஒரு கருப்பினத் தொழிலாளிகூட உற்பத்தியில் இல்லை. 1943 பிப்ரவரி 18 அன்று பி-29 என்ற புதிய குண்டுவீச்சு விமானத்தின் சோதனை மாதிரி எஞ்சினில் தீப்பிடித்து, ஓடுதளத்தை எட்டும் முன் ஓர் இறைச்சிப் பதப்படுத்தும் ஆலையின் மேல் விழுந்தது. புகழ்பெற்ற சோதனை விமானி எடி ஆலன் உட்பட விமானத்திலிருந்த 11 பேரும், கீழே வேலையில் இருந்தவர்களும் மடிந்தார்கள். அந்த பி-29 ரகம்தான் பிறகு ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் போனது. ஆற்றிலும் விஷம் சேர்ந்தது. துவாமிஷ் ஆற்றின் கீழ்ப்பகுதி 2001-இல் நாட்டின் மிக மாசுபட்ட இடங்களின் பட்டியலில் ஏறியது. காரணமான ஆலைகளில் பிளான்ட் 2-உம் ஒன்று. இப்போது கரையை மீட்டு, சால்மன் குஞ்சுகள் தங்குவதற்கு ஏற்றபடி செடி வைத்திருக்கிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் புல்லும் சேறும், நடுவே ஒரு நாரை.

புதன்: எவரெட்

மகள் லீவு போட்டுக்கொண்டு வந்தாள். சியாட்டிலுக்கு வடக்கே, பெயின் ஃபீல்டு விமான நிலையத்தின் மறுபக்கம் எவரெட் ஆலை. கன அளவில் உலகிலேயே பெரிய கட்டடம்: சுமார் 1.33 கோடி கன மீட்டர், தரைப்பரப்பு 98 ஏக்கருக்கு மேல். போனையும் கேமராவையும் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எனக்கு அதுவே வசதி. கண்ணால் மட்டும் பார்க்கலாம்.

மேல்தள நடைபாதையிலிருந்து 777 வரிசையைப் பார்த்தோம். கீழே சைக்கிளில் போகிறார்கள், அவ்வளவு தூரம். கிரேன் ஒன்று உடற்பகுதி வளையத்தைத் தூக்கி வந்து, அங்குலம் அங்குலமாக இறக்கி, அடுத்ததோடு சேர்த்தது. நான்கு பக்கமும் ஆள் நின்று கையசைத்தார்கள். எத்தனை லேசர் வந்தாலும் கடைசி அங்குலத்துக்கு ஆள் கை தேவைப்படுகிறது.

இந்தக் கட்டடம் 747-க்காகக் கட்டப்பட்டது. அதற்கு முன்கதை: 1952-இல் கம்பெனி தன் சொந்தப் பணம் 1.6 கோடி டாலரைப் போட்டு, ஒரு ஆர்டர்கூட இல்லாமல், ஜெட் விமான மாதிரி ஒன்றைச் செய்யத் துணிந்தது. டேஷ் 80 என்ற அது 1954 ஜூலை 15 அன்று பறந்தது. அடுத்த ஆண்டு லேக் வாஷிங்டனில் படகுப் பந்தயம் பார்க்க விமானக் கம்பெனி அதிகாரிகள் கூடியிருந்தபோது, சோதனை விமானி டெக்ஸ் ஜான்ஸ்டன் அதைத் தலைகீழாக உருட்டிக் காட்டினார். தலைவர் பில் ஆலன் மறுநாள் கூப்பிட்டு விசாரித்தார். அந்த மாதிரியிலிருந்து வந்த 707தான் உலகத்தை ஜெட் யுகத்துக்கு மாற்றியது. 1960-இல் ஏர் இந்தியா வாங்கியதும் அதைத்தான். ஆசியாவில் ஜெட் ஓட்டிய முதல் நிறுவனங்களில் நம்முடையதும் ஒன்று.

1966 ஏப்ரலில் பேன் அம் விமான நிறுவனம் 25 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்ததும் 747 தொடங்கியது. வடிவமைப்புக்குத் தலைவர் ஜோ சட்டர். சியாட்டிலிலேயே பிறந்து, போயிங் ஆலையைப் பார்த்து வளர்ந்து, மாணவனாக இருக்கும்போதே அந்த ஆலையில் வேலை பார்த்தவர். காட்டை வெட்டிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்க, கூரை முடியும் முன்பே உள்ளே விமானம் வளர்ந்தது. 1968 செப்டம்பர் 30 அன்று வெளியே வந்தது. 1969 பிப்ரவரி 9 அன்று பறந்தது. எஞ்சின் வரத் தாமதமாகி, முடிந்த விமானங்கள் இறக்கையில் சிமெண்டுக் கட்டிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றன.

கடன் கழுத்தை நெரித்தது. ஆர்டரும் வற்றியது. 1960-களின் கடைசியில் லட்சத்தைத் தாண்டியிருந்த போயிங்கின் சியாட்டில் வட்டார வேலைகள் 1971-இல் 39,000-க்கும் கீழே போயின. கடைசியாக ஊரைவிட்டுப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்று விமான நிலையத்துக்குப் பக்கத்தில் யாரோ விளம்பரப் பலகை வைத்தார்கள். ஆலை மூடினால் ஒரு ஊர் என்ன ஆகும் என்று பஞ்சாலைகள் மூடிய காலத்தில் கோவையில் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தப் பலகையின் படத்தைச் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

747 பிழைத்தது. கம்பெனியையும் பிழைக்க வைத்தது. 1,574 செய்து, கடைசி ஒன்றை 2023 ஜனவரி 31 அன்று இங்கே கொடுத்து முடித்தார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்த கதை 777 உடையது. முழுக்க கம்ப்யூட்டரிலேயே வரைந்த முதல் பயணிகள் ஜெட் அது. அதைவிட முக்கியம், வரைகிறவர், செய்கிறவர், பழுது பார்க்கிறவர், வாங்கும் விமான நிறுவனத்தின் ஆட்கள் எல்லோரையும் ஒரே குழுவில் உட்கார வைத்தது. அப்படி 200-க்கு மேற்பட்ட குழுக்கள். எட்டாத இடத்தில் போல்ட் வைத்தால் கேட்க அங்கேயே ஆள் இருப்பார். 1994 ஜூன் 12 அன்று பறந்தது. இறக்கை பொருந்தும் இடத்தில் பழைய விமானங்களில் செருக வேண்டியிருந்த தகடுகள் பெரிதும் தேவைப்படவில்லை. கீழே அந்த இணைப்பு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மகள் என் தோளைத் தட்டி, "அப்பா, வழிகாட்டி நகர்ந்துட்டாங்க" என்றாள்.

வியாழன்: மழை

வெளியே போகவில்லை. நேற்றைய உற்சாகத்துக்குப் பின்னால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

1997-இல் போட்டி விமானக் கம்பெனியான மெக்டொனல் டக்ளஸை வாங்கியது போயிங். 2000-இல் பொறியாளர்கள் 40 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டிராயிங் ஆபீஸே வெளியே வந்து நின்றது. 2001-இல் தலைமையகத்தைச் சிகாகோவுக்குக் கொண்டுபோனார்கள், 2022-இல் அங்கிருந்து வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டனுக்கு. முடிவெடுக்கும் நாற்காலி, விமானம் கட்டும் தரையிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று.

787-க்கு இறக்கை ஜப்பானில், உடற்பகுதிகள் இத்தாலியிலும் அமெரிக்காவின் வேறு மூலைகளிலும் என்று பிரித்துக் கொடுத்தார்கள். பிரித்துக் கொடுப்பது தப்பில்லை. வடிவமைப்புப் பொறுப்பையும் பெருமளவு சேர்த்துக் கொடுத்துவிட்டு, கண்காணிக்க ஆள் வைக்காததுதான் தப்பு. 2007 ஜூலை 8 அன்று விழா வைத்து வெளியே காட்டிய முதல் விமானத்தில் தற்காலிக போல்ட்டுகள் போட்டிருந்தார்கள். உள்ளே பெரும்பகுதி காலி. 2009 டிசம்பரில்தான் பறந்தது. முதல் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்தது 2011 செப்டம்பரில், மூன்று வருடம் தாமதமாக.

வெள்ளி: ரென்டன்

737 செய்யும் ரென்டன் ஆலைக்குள் பார்வையாளரை விடுவதில்லை. சீடார் ஆற்றோரம் ஒரு நடைபாதைப் பூங்கா இருக்கிறது, அது லேக் வாஷிங்டனில் போய் முடியும். ஆற்றின் ஒரு கரையில் ஆலை, மறுகரையில் ஓடுதளம், நடுவே ஒரு பாலம். முடிந்த விமானத்தை அந்தப் பாலத்தில் இழுத்துப் போவார்கள். மாப்பிள்ளை காரை நிறுத்திவிட்டு, "மாமா, அதோ வருதுங்க பாருங்க" என்றார்.

வந்தது. உடம்பெல்லாம் பச்சைப் பூச்சு, வாலில் மட்டும் ஏதோ ஒரு நிறுவனத்தின் நிறம். மற்றதெல்லாம் வேறு இடத்தில் பெயிண்ட் அடிக்கலாம். வாலில் உள்ள சுக்கானை மட்டும் பெயிண்ட் எடையோடு சேர்த்துச் சமநிலை பார்த்துத்தான் பொருத்த வேண்டும், அதனால் அதை முன்பே அடித்துவிடுகிறார்கள். இழுவை வண்டிக்குப் பக்கத்தில் இருவர் நடந்தே வந்தார்கள், இறக்கை நுனியில் கண் வைத்தபடி.

இந்த ஆலையில் பிறந்த இரண்டு 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்தன. 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவில் லயன் ஏர், 189 பேர். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ், 157 பேர். எம்காஸ் என்ற மென்பொருள் மூக்கைக் கீழே அழுத்தும். காற்று மோதும் கோணத்தை அளக்கும் ஒரே ஒரு உணரியை நம்பி அது இயங்கியது. அந்த உணரி தப்பாகச் சொன்னாலும், விமானத்தில் இருந்த இன்னொன்றை அது கேட்காது. அப்படி ஒரு மென்பொருள் இருப்பதையே விமானிகளின் கையேட்டில் எழுதவில்லை. ஒரு பிரஸ் மெஷினில்கூடக் கை நசுங்காமலிருக்க இரண்டு பொத்தான் வைப்போம். 346 உயிர். இதை மன்னிக்கும் மனம் எனக்கு இல்லை.

2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில் கதவு இருக்க வேண்டிய இடத்தை அடைக்கும் பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. விசாரணையில் தெரிந்தது இதுதான்: கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவிலிருந்து ரயிலில் வந்த உடற்பகுதியில் சில ரிவெட்டுகள் பழுது. அதைச் சரிசெய்ய ரென்டனில் அந்தப் பலகையைத் திறந்தார்கள். மூடும்போது அதைப் பிடித்துவைக்கும் நான்கு போல்ட்டுகளைப் போடவில்லை. திறந்ததற்கே பதிவேட்டில் எழுத்து இல்லை. எழுதாததால் அடுத்த ஷிப்டுக்குத் தெரியவில்லை, பரிசோதகருக்கும் தெரியவில்லை. எழுதிவைத்த பட்டியலை உலகத்துக்குக் கொடுத்த விமானத்தைச் செய்த கம்பெனி இது என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

விச்சிட்டா ஆலை முன்பு போயிங்குடையதுதான். 2005-இல் விற்றுவிட்டார்கள். அதைத் திரும்ப வாங்க 2024 ஜூலையில் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த மாதம் பொறுப்பேற்ற தலைவர் கெல்லி ஆர்ட்பர்க், சியாட்டிலிலேயே தங்கி வேலை பார்ப்பேன் என்று அறிவித்தார். இரண்டும் சரியான திசையில் எடுத்து வைத்த அடி என்றே நினைக்கிறேன்.

அதே 2024 செப்டம்பரில் சுமார் 33,000 தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எட்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைய நீடித்தது. மழையில் ஆலை வாசல்களில் பீப்பாய்களில் தீ மூட்டிக்கொண்டு நின்றார்கள். நான்கு வருடத்தில் 38 சதவீதம் சம்பள உயர்வு கிடைத்தது. பறிபோன பென்ஷன் திட்டம் திரும்பவில்லை. சம்பளத்தோடு சேர்த்து இன்னொன்றையும் அவர்கள் எழுதி வாங்கினார்கள்: இந்த ஒப்பந்தக் காலத்துக்குள் கம்பெனி புதிதாக ஒரு விமானம் தொடங்கினால், அதை இந்தச் சியாட்டில் வட்டாரத்திலேயே கட்ட வேண்டும்.